ஜன்னலோரப் படங்கள்

புகைப்படக்காரர் தன் மனைவியை எப்போதும் ஜன்னல் முன் நிறுத்தி, பின்னாலிருந்து வெளிச்சம் விழும்படிதான் எடுப்பார். உருவம் கறுத்து, ஓரம் மட்டும் பொன்னாக மின்னும். பரிசுகள் வந்தன.

"ஒரு படத்துலயாவது என் மூஞ்சி தெரியட்டுமேங்க" என்பாள், அவரைப் பார்த்துச் சிரித்தபடி.

"உன் மூஞ்சிக்கா பரிசு தர்றாங்க? அசையாம நில்லு."

அவள் இறந்த அன்று, நாளிதழில் அறிவிப்புக் கொடுக்க மகள் படம் கேட்டாள். வீட்டில் இருந்தவையெல்லாம் அவர் எடுத்தவைதான். ஒன்றைக் கணினியில் திறந்து, கறுப்பை மெல்ல வெளிச்சமாக்கினார். முகம் வரவில்லை. பின்னல் வந்தது. அடுத்த படத்திலும் பின்னல்தான். எல்லாவற்றையும் திறந்து பார்த்தார்.

"அம்மா ஏம்பா எல்லாத்துலயும் உங்களுக்கு முதுகைக் காட்டிட்டு நிக்கிறாங்க?"

"என்னைப் பார்த்துத்தாம்மா நின்னா" என்றார் அவர்.

அறிவிப்பு படம் இல்லாமலே வந்தது.