சண்டைக்கு வராதவள்

“பாத்து, பாத்து. எதிர் ஜன்னல்ல இடிச்சிராதப்பா” என்றார் இசக்கிதுரை.

வாய்தான் அப்படிச் சொன்னது. ஒரு தடவை இடித்தால்தான் என்ன என்று மனசு நினைத்தது. இடித்தால் எதிர்வீட்டுப் பொன்செல்வி ஜன்னலைத் திறப்பாள். திறந்தால் கத்துவாள். கத்தினால் போதும்.

ஏசி மெக்கானிக் கிருஷ்ணா ஏணியில் நின்று, வெளிச்சுவரில் தொங்கிய அவுட்டோர் பெட்டியின் போல்ட்டுகளைக் கழற்றிக்கொண்டிருந்தான். அதைத் தகரக் கூரைக்கு மேலே ஏற்ற வேண்டும். இசக்கிதுரை தன் மாடி அறை ஜன்னலுக்குள் நின்று பெட்டியின் ஒரு முனையைப் பிடித்திருந்தார்.

தாராவியில் அந்தச் சந்துக்குள் ஒரு குடையை விரித்தால் அடைத்துக்கொள்ளும். இந்த மாடி ஜன்னலில் இருந்து கையை நீட்டினால் எதிர் மாடி ஜன்னலில் குழம்புக் கிண்ணத்தை வாங்கிவிடலாம். வாங்கிக்கொண்டும் இருந்தார், ஏசி வரும் வரைக்கும்.

மாட்டுங்காவில் ஒரு அடுக்குமாடியில் அவருக்கு இரவுக் காவல் வேலை. காலையில் வந்து படுத்தால் தகரத்துக்குக் கீழே அவிந்துபோவார். மனைவி இறந்த பிறகு விசிறிவிடக்கூட ஆளில்லை. கல்யாணில் இருக்கும் மகள் விஜயராணி, ‘அப்பா தூங்கினால் போதும்’ என்று ஏசி வாங்கி அனுப்பினாள். மாட்ட வந்தவன், கிடைத்த ஒரே இடத்தில் அவுட்டோரை மாட்டிவிட்டுப் போனான். இங்கே ஒருத்தருக்குக் குளிர்ந்தால் எதிரில் ஒருத்தருக்குச் சுட வேண்டியதுதான். வேறு வழி வைத்து யாரும் இந்தச் சந்தைக் கட்டவில்லை.

ஏசி போட்டால் கதவைச் சாத்த வேண்டும். பகலில் யாரும் கதவு சாத்தாத சந்தில் இவர் கதவு மட்டும் சாத்திக் கிடந்தது. சாயங்காலம் வரை தூக்கம். எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு நேராக டூட்டிக்கு.

கொஞ்ச நாள் கழித்துத்தான் கவனித்தார். எதிர் ஜன்னல் திறக்கவே இல்லை.

அனல் முழுக்க அங்கேதான் போகிறது என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். பொன்செல்வி சண்டைக்கு வருவாள் என்று காத்திருந்தார். அந்தச் சந்தில் தண்ணீர்க் குழாய்க்குச் சண்டை, ஈரத்துணி சொட்டினால் சண்டை, செருப்பைத் தள்ளி வைத்தால் சண்டை. காலையில் கிழி கிழியென்று கிழித்துவிட்டு மத்தியானம் மீன் குழம்பு கொடுத்துவிடுவார்கள். ஒரு வார்த்தை பேசாமல் ஜன்னலைச் சாத்துகிறவர்கள்தான் ஒரேயடியாக உறவை அறுத்துக்கொண்டவர்கள்.

அப்படியென்றால் பொன்செல்வி அறுத்துக்கொண்டுவிட்டாள்.

ஒரு நாள் வேண்டுமென்றே டிவியை அலறவிட்டுப் பார்த்தார். மூன்றாம் வீட்டில் இருந்து ஏச்சு வந்தது. எதிர் ஜன்னலில் இருந்து வரவில்லை.

ஏசியில் நன்றாகத்தான் தூங்கினார். எழுந்த பிறகுதான் கஷ்டமாக இருந்தது. முன்பெல்லாம் அவர் டூட்டி முடிந்து வந்ததும், பொன்செல்வி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்த ஜன்னலில் நின்று, கொசுக்கடி எப்படி, கேட்டில் யார் திட்டினார்கள் என்று எல்லாம் கேட்பாள். நாள் முழுக்க அவரிடம் பேசுகிற ஒரே வாய் அதுதான் என்பது அது நின்ற பிறகுதான் உறைத்தது. அடுக்குமாடியில் சேட்டுமார் கேட்டைத் திறக்க ஹாரன் அடிப்பார்கள், அவ்வளவுதான் அங்கே பேச்சு.

இறங்கிப்போய் அவள் கதவைத் தட்டியிருக்கலாம். தப்பு தன் பேரில், வயசிலும் பெரியவர், வெறுங்கையோடு எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவது? பெட்டியை மாற்றி வைத்துவிட்டுப் பேசலாம் என்றுதான் இன்றைக்குக் கிருஷ்ணாவை வரவழைத்தார். சொல்ல வேண்டியதையும் யோசித்து வைத்திருந்தார். தப்புதாம்மா, இந்தா மாத்தியாச்சு, ரெண்டு ஏச்சு ஏசிட்டு ஜன்னலத் தொற.

கடைசி போல்ட் கழன்றது. பெட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து, அதன் மூலை எதிர் ஜன்னலில் டங்கென்று இடித்தது.

ஜன்னல் திறந்துகொண்டது. உள்ளே கொண்டி போட்டிருக்கவில்லை.

இசக்கிதுரை சிரிக்கத் தயாராக முகத்தை வைத்துக்கொண்டார்.

உள்ளே அடுப்பு இல்லை. கட்டில் இல்லை. ஃபேனைக் கழற்றிய இடத்தில் இரண்டு வயர்கள் தொங்கின. தொட்டில் கட்டுகிற கொக்கியை மட்டும் விட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

“காலி ரூம் அங்கிள்” என்றான் கிருஷ்ணா.

கீழ்வீட்டு வாசலில் உட்கார்ந்து பிளாஸ்டிக் மூடிகளை நிறம் பிரித்துக்கொண்டிருந்த நஸீரா நிமிர்ந்து பார்த்தாள்.

“ஒங்களுக்குத் தெரியும்னுல்லா நெனச்சேன் அண்ணே. புள்ளைக்கு மேலெல்லாம் வேர்க்குரு, பகல் பூரா அழுவான். ஜன்னலத் தொறக்க முடியல. அவ வீட்டுக்காரருக்கு அம்பர்நாத்ல கம்பெனி பக்கத்துலயே ரூம் கெடச்சுது. போன ஞாயித்துக்கெழம மத்தியானம் போயிட்டாங்க.”

இசக்கிதுரை பெட்டியை விடாமல் கீழே எட்டிப் பார்த்தார். என்னை ஒரு வார்த்தை திட்டக்கூட அவளுக்குத் தோணலையா என்று மட்டும் கேட்டார்.

நஸீரா ஒரு சிவப்பு மூடியைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

“போயி நல்லாக் கேளுடின்னு நான்தான் தெனமும் சொல்லுவேன். அவ கேட்டாத்தான? ஒத்தையில கெடக்குற மனுசன், இப்பத்தான் நிம்மதியாத் தூங்குதாரு, எழுப்பிராதீங்கம்பா. சாமான் எறக்குற அன்னிக்கும் அதத்தான் சொன்னா. சந்துல அத்தன பேரும் சத்தம் போடாமத்தான் எறக்கிக் குடுத்தோம்.”