ராஜாவின் ஒற்றைச் செருப்பு

கடைசியில் சிரிப்பு இருக்கிறது. இப்போதே சிரித்து வீணாக்காதீர்கள்.

நான் விச்சு. வயசு பதினேழு. பிரின்சிபால் இருமல், ஸ்டேஷன் அறிவிப்பு, பக்கத்து வீட்டு மிக்ஸி... எந்தக் குரலும் எனக்கு வரும்.

ஜெயந்தும் ராஜாவும் என் வகுப்பு. ரெண்டு வருஷமாய் ஒரே பெஞ்ச். ஒரே வடாபாவைப் பிய்த்துத் தின்பார்கள். ஜூன் மாதத்திலிருந்து ரெண்டு பேர் மனசிலும் ஒரே பெண், எங்கள் வகுப்பு ஸ்ரீலக்ஷ்மி.

ஆனால் அவள் சிரிப்பது ராஜாவின் ஜோக்குக்குத்தான்.

"டேய் விச்சு," என்றான் ஜெயந்த். "சனிக்கிழமை ப்ராஜெக்ட்னு சொல்லி ராஜாவையும் அவளையும் எங்க அபார்ட்மென்ட் சொசைட்டிக்கு வரவழைக்கிறேன். பேஸ்மென்ட்ல லைட்டை அணைச்சிடுவேன். செத்துப்போன வாட்ச்மேன் மாதிரி நீ கூப்பிடணும். ராஜா அலறி ஓடணும். அவ பார்க்கணும்."

"நீ?"

"நான் அவளுக்கு முன்னாடி நிப்பேன்."

"வாட்ச்மேன் எப்படா செத்தார்?"

"லீவுல ஊருக்குப் போயிருக்கார். அவளுக்கு என்ன தெரியும்?"

சனிக்கிழமை, மாலை நாலு மணி, புனே வாகட்டில் ஜெயந்தின் சொசைட்டி. பம்ப் ரூமுக்குள் நான். லைட் போனது.

"கோன் ஹை ரே..." என்று, யாருடா அது என்பதை இந்தியில் இழுத்தேன். புனேயில் பேய் தமிழ் பேசினால் யார் நம்புவார்கள்? நடுவில் ஒரு தும்மல். பேய்க்கு ஜலதோஷம் வராதா?

ஸ்ரீலக்ஷ்மி போன் டார்ச்சைப் போட்டாள். அந்த வெளிச்சத்தில் ராஜா பம்ப் ரூமைப் பார்த்தான். ஜெயந்தைப் பார்த்தான். அப்புறம் "ஐயோ, பேய்!" என்று அலறி ஓடினான். ஒரு செருப்பு அங்கேயே கிடந்தது.

ஜெயந்த் அசையாமல் நின்றான். ஸ்ரீலக்ஷ்மி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஒரு வாரம் ஜெயந்த் சிரித்தான். லேபில், லோக்கல் ரயிலில், வடாபாவ் கடையில். ராஜாவும் கூடச் சேர்ந்து சிரித்தான்.

"செருப்பை அவன் வீட்லயே போய்க் கொடுக்கலாம் வாடா. அவங்கப்பா கேக்கணும் இந்தக் கதையை," என்றான் ஜெயந்த்.

ராஜா இதுவரை யாரையும் வீட்டுக்குக் கூப்பிட்டதில்லை. தேஹு ரோடு ஸ்டேஷனில் இறங்கி, ஷேர் ஆட்டோக்காரரிடம் அவன் அப்பா பெயரைச் சொன்னோம்.

"சுப்பையாவா? கல்லறைத் தோட்டத்து வாட்ச்மேன். ஏறுங்க."

கேட்டுக்குள் வரிசையாய்ச் சிலுவைகள். ரெண்டு சிலுவைக்கு நடுவே கயிறு கட்டி, காலேஜ் யூனிஃபார்ம் காய்ந்தது. ஒரு கல்லறை மேல் சம்மணம் போட்டு ராஜா ரெக்கார்டு நோட் எழுதிக்கொண்டிருந்தான்.

"வாங்கடா. இந்தப் பக்கம் உட்காருங்க, வெயில் படாது."

"எத்தனை வருஷமா இங்க இருக்க?" என்றான் ஜெயந்த், சிரித்துக்கொண்டே.

"பொறந்ததுலேர்ந்து."

ராஜா செருப்பை வாங்கிக் கீழே போட்டான். என் பக்கம் திரும்பினான்.

"வாட்ச்மேன் குரல் பிரமாதம்டா விச்சு. தும்மல் மட்டும் உன்னோடது."

அப்புறம் ஜெயந்திடம் மெதுவாய்க் கேட்டான்.

"ஸ்ரீலக்ஷ்மி ஒத்துக்கிட்டாளாடா?"

இப்போது நீங்கள் சிரிக்கலாம். ஜெயந்த் நிறுத்திவிட்டான்.