கூண்டின் மேல் கை

குட்டியின் வாய் மறுபடி திறந்தது.

கழுத்து மேலே நீண்டது. கண்கள் இடுங்கின. கம்பிக் கூண்டுக்குள் அது அழுகிறது என்று அவளுக்குத் தெரிந்தது. எவ்வளவு சத்தமாக என்றுதான் தெரியவில்லை.

அவளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது.

இந்த அழுகை கீழ்வீடு வரை போகுமா?

கீழே வீட்டுக்காரர் பாக்கியம் அம்மா இருக்கிறார். "ராத்திரில சத்தம் போட்டா வெச்சிருக்க முடியாது கண்ணு" என்று, உதடு புரியும்படி நிதானமாகச் சொல்லித்தான் நாய் வளர்க்கச் சம்மதித்திருந்தார்.

குட்டியைக் கொண்டுவந்த அண்ணன் குமரவேல் இன்னும் கிளம்பவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றான்.

"நடுராத்திரில அழுதா உனக்கெப்படித் தெரியும் வசு?" வாயாலும் கையாலும் கேட்டான். "நான் இங்கயே படுத்துக்கறேன். இல்லீன்னா நீயும் குட்டியும் நம்ம வீட்டுக்கே வந்துருங்க."

நம்ம வீட்டுக்கு. திருப்பூருக்கு வேலைக்கு வந்த நாளிலிருந்து அந்தச் சைகையை அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. தனி வீடு. தனிச் சாவி. யாராவது வந்து பெல் அடித்தால் கேட்காது. அதற்குத்தான் இந்த நாய். வளர்ந்தால் வாசலில் ஆள் நிற்பதை ஓடிவந்து சொல்லும்.

வளர வேண்டும். அதற்கு முன் இன்றிரவு தூங்க வேண்டும்.

அண்ணனின் தோளைப் பிடித்துத் திருப்பி, மாடிப்படிப் பக்கம் தள்ளினாள்.

கதவைச் சாத்தினாள்.

குட்டி சுற்றிச் சுற்றி வந்தது. மதியம் வரை தாயின் வயிற்றோடு ஒட்டிக் கிடந்தது. விளக்கை அணைத்து, கூண்டின் மேல் துணியைப் போட்டால் அடங்கும் என்று குட்டியைக் கொடுத்தவர் சொல்லி அனுப்பியிருந்தார்.

அவள் விளக்கை அணைத்துத் தூங்கியதே இல்லை. மற்றவர்களுக்கு இருட்டில் காது இருக்கிறது. அவளுக்குக் கண்ணும் போய்விட்டால் மிச்சம் என்ன?

விரல் சுவிட்சின் மேல் கொஞ்ச நேரம் நின்றது.

அணைத்தாள்.

கூண்டைத் தடவிக் கண்டுபிடித்தாள். துணியைப் போர்த்திவிட்டு, பக்கத்தில் தரையில் படுத்து, துணிக்கடியில் கம்பியின் மேல் உள்ளங்கையை வைத்தாள்.

முதலில் ஒன்றுமில்லை.

பிறகு வந்தது. கம்பி வழியாக விரலுக்கு, விரல் வழியாக மணிக்கட்டுக்கு. நகம் கூண்டின் அடித் தகட்டைச் சுரண்டுவது ஒரு மாதிரி இருந்தது. வட்டமடிப்பது இன்னொரு மாதிரி. அழுகை வேறு. மெல்லிய, இழுபடும் ஓர் அதிர்வு.

அழுகைக்கு முன்னால் ஒன்று இருந்தது. அதைப் பிடிக்கத்தான் அவளுக்கு நேரமானது. கால்கள் சட்டென்று நின்றுவிடும். உடம்பு மட்டும் நடுங்கும். அதற்குப் பிறகுதான் அழுகை.

அடுத்த நடுக்கத்திலேயே கம்பிக்குள் விரலை விட்டாள்.

ஈர மூக்கு வந்து முட்டியது. பிறகு நாக்கு. பிறகு ஊசிப் பற்கள்.

அழுகை வரவில்லை.

மறுபடி நடுக்கம். மறுபடி விரல். பகலெல்லாம் போட்டிருந்த துப்பட்டாவைச் சுருட்டி உள்ளே தள்ளினாள். குட்டி அதைக் கிளறிக் கிளறிக் குழி செய்வது கைக்குத் தெரிந்தது.

கூண்டுக் கதவைத் திறந்து மடியில் எடுத்துக்கொள்ள ஆசையாக இருந்தது.

எடுக்கவில்லை. பக்கத்தில் ஆள் இருக்கிறது என்று தெரிந்தால் போதும். தூக்கி வைத்துக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. அது அவளை விட நன்றாக யாருக்குத் தெரியும்?

நடுவில் ஒருமுறை அதிர்வு வேறு மாதிரி வந்தது. ஓட்டம், முட்டல், ஓட்டம். புரிந்துகொண்டு மொட்டை மாடிக்குத் தூக்கிப் போனாள். குட்டி கால்களை அகட்டி நின்று நிதானமாக மூத்திரம் பெய்தது. உடனே கொண்டுவந்து கூண்டில் விட்டாள். நடுங்கவில்லை.

வெகுநேரம் கழித்து, அதுவரை வராத ஒன்று கம்பியில் வந்தது. சீராக ஏறியது, இறங்கியது, ஏறியது.

என்னவென்று புரியவில்லை. பயந்துபோய்த் துணியை விலக்கி, போன் வெளிச்சத்தில் பார்த்தாள்.

குட்டி மல்லாந்து, வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது.

குறட்டை. அந்தச் சொல்லை அவள் படித்திருக்கிறாள். இப்போதுதான் தொடுகிறாள்.

போனை அணைத்தாள். இருட்டு அப்படியே இருந்தது. அதில் அவளும் தூங்கிப்போனாள்.

விடிந்து கதவைத் திறந்தபோது அண்ணன் படியேறி வந்துகொண்டிருந்தான். தூக்கமில்லாமல் கண் சிவந்திருந்தது. கையில், குட்டியைத் திருப்பி எடுத்துப்போக ஒரு கூடை.

அவன் பின்னாலேயே பால் பாக்கெட்டும் கையுமாகப் பாக்கியம் அம்மா வந்தார். பாதிப் படியில் நின்று அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"ஏன் கண்ணு, நாய்க்குட்டிய திருப்பிக் குடுத்தாச்சா? மொதல்ல கொஞ்சம் அழுதுச்சு, அப்பறம் ராத்திரி ஒரு சத்தத்தையுங் காணமே."

அண்ணன் அதைச் சைகையில் சொல்லக் கையைத் தூக்கினான். கை பாதியில் நின்றது; அவள் அதற்குள் உதட்டிலிருந்தே படித்துவிட்டிருந்தாள். அவள் முகத்தையே பார்த்தான். கூடையை மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது.

தன் சிரிப்பு எப்படிப்பட்டது என்று அவளுக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் ஒருநாள் எல்லாப் பிள்ளைகளும் திரும்பிப் பார்த்தார்கள். அன்றிலிருந்து வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரிப்பாள்.

பொத்தவில்லை.

பாக்கியம் அம்மா திடுக்கிட்டுக் கைப்பிடியைப் பற்றிக்கொண்டார். எதிர்வீட்டில் ஒரு ஜன்னல் திறந்தது. அவள் நிறுத்தவில்லை.

சிரித்துக்கொண்டே உள்ளே திரும்பினாள். கூண்டுக்குள் குட்டி எழுந்து நின்றிருந்தது. இன்னும் நிமிரத் தெரியாத இரண்டு காதுகளையும் அவள் பக்கம் திருப்பி, வாலை ஆட்டிக்கொண்டிருந்தது.