காதுகுத்துக்குப் போட்ட முகம்

அமுதினி கழுத்துச் சங்கிலியின் பொத்தானை அழுத்தினாள். ஒளியாலான அவளுடைய பழைய முகம், தீக்காயத் தழும்புகளை மூடிக்கொண்டது. வீட்டில் ஒருநாளும் அதைப் போட்டதில்லை. இன்று மகனுக்குக் காதுகுத்து, மாமியார் விடவில்லை.

தாய்மாமன் மடியிலிருந்த எட்டு மாதப் பையன் அவளைப் பார்த்ததும் வீறிட்டான்.

“ஊசியப் பாத்துப் பயப்படுறான்,” என்றார் மாமியார்.

“ஊசிய நான் இன்னும் வெளியவே எடுக்கலீங்களே,” என்றார் ஆசாரி.

அமுதினி குனிந்து கைநீட்டினாள். பையன் மாமன் சட்டையில் முகத்தைப் புதைத்து, மூச்சு முட்ட அழுதான்.

அவள் விரல் பொத்தானுக்குப் போனது.

“வேணாம்மா! எல்லாரும் இருக்காங்க.”

“எல்லாருக்கும் நான் அம்மா இல்ல, அத்தை.”

மறுபடி அழுத்தினாள். ஒளிமுகம் அணைந்து தழும்புகள் தெரிந்தன. பையன் விம்மியபடி எட்டிப் பார்த்தான். பிறகு தாவி வந்து, தினமும் செய்வதுபோல் அவள் கன்னத்துத் தழும்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.