நாலு ரெக்டிஃபயர்

"பம்பாய்ல ஒரே நாள்ல ரெண்டு தடவை கரண்ட் போகுமா? யார் காதுல பூ சுத்தறே?"

பஞ்சு கத்தினார். செம்பூரில் நாலாவது மாடியில் இருக்கும் ஆம்புலன்ஸ் கண்ட்ரோல் ரூமுக்கு அவர்தான் மேனேஜர். அங்கே ஒரு போன் பாதியில் அறுந்தால் யாரோ ஒருவர் உயிர் போகலாம். அந்தப் பயத்திலேயே மனுஷனுக்குப் பாதி முடி கொட்டிவிட்டது.

"போனாத் தாங்கணும்லா சார்?" என்றாள் இசக்கிசெல்வி. தாராவிப் பெண். பாட்டரி பேக்கப் மாட்டித் தரும் கம்பெனியின் இன்ஜினியர். மெயின் கரண்ட்டை வாங்கி மெஷின்களுக்கும் பாட்டரிக்கும் கொடுக்கிற ரெக்டிஃபயர் நாலு மாட்டியிருந்தாள். பஞ்சுவுக்கு அதிலும் குறை.

"மெஷினெல்லாம் சேர்ந்து அறுபது ஆம்ப்ஸ். ஒண்ணு முப்பது குடுக்கும். ரெண்டு போறுமே, எதுக்கு நாலு?"

"அந்த ரெண்டும் மெஷினுக்கே சரியாப் போயிரும். காலியான பாட்டரிக்கு யாரு சோறு போடுவா? அதுக்கு மூணாவது. மூணுல ஒண்ணு மண்டையப் போட்டா? அதுக்கு நாலாவது."

காலையில் முதல் டெஸ்ட் முடிந்திருந்தது. மூன்று மணி நேரம் மெயினை அணைத்து, பாட்டரியை அடிமட்டம் வரை இறக்கியாயிற்று. ஆறு மணி நேரத்தில் அது திரும்ப நிரம்பியதா என்று பார்க்க, மாலை ஐந்துக்கு மறுபடி அணைக்க வேண்டுமாம்.

"வேண்டாம்மா! போன் கட்டாயிடுத்துன்னா நான் யாருக்குப் பதில் சொல்றது?"

"டென்ஷன் எடுக்காதீங்க சார். கீழ மீட்டர் ரூம்ல அணைச்சிட்டு அங்கனயே நிக்கேன். நீங்க இந்தப் பாட்டரி மீட்டர் முள்ளையே பாத்துக்கிட்டு இருங்க. நாப்பத்தாறு வோல்ட்டுக்குக் கீழ போச்சுன்னா ஒரு சத்தம் குடுங்க, உடனே போட்டுருதேன்."

அவள் போய்ப் பத்து நிமிடத்தில் விளக்கு, ஃபேன், ஏ.சி. எல்லாம் நின்றன.

'அணைச்சுட்டாளே பாவி!' பஞ்சு மீட்டருக்கு முன்னால் போய் நின்றார். இருந்த தெய்வத்தையெல்லாம் கூப்பிட்டார்.

"சயான்ல இருந்து ஒரு ஹார்ட் பேஷண்ட் சார், வண்டி அனுப்பிட்டேன்" என்றாள் ஆபரேட்டர் ஷ்ருதி, ஹெட்போனைக் கழற்றாமலே. அடுத்தது கோவண்டி. அதற்கடுத்தது சுனாபட்டியில் ஒரு பிரசவம். முள் ஐம்பதைவிட்டு அசையவில்லை.

அரை மணி ஆயிற்று. ஒரு போன்கூட அறுபடவில்லை. பஞ்சுவின் வயிற்றில் பாலை வார்த்தது போல இருந்தது. அப்பாடா! பேப்பரை எடுத்து, டெஸ்ட் பாஸ் என்று கையெழுத்துப் போட்டார். இவளைப் போய் என்னவெல்லாம் திட்டினோம் என்று வெட்கமாகக்கூட இருந்தது.

இசக்கிசெல்வி மாடிப்படி ஏறி, மூச்சிரைக்க உள்ளே வந்தாள்.

"சபாஷ்டி கொழந்தே! நாலும் இருக்கட்டும். போறும், மெயினைப் போட்டுடு" என்றார் பஞ்சு, வாயெல்லாம் பல்லாக.

அவள் திருதிருவென்று விழித்தாள்.

"எதைப் போட சார்? வாட்ச்மேன் மீட்டர் ரூம் சாவியோட டீ குடிக்கப் போயிட்டான். அவனைத் தேடித்தான் இம்புட்டு நேரமும் ரோட்டுல அலைஞ்சேன். நான் இன்னும் அணைக்கவே இல்ல... ஸ்டேஷன் வரைக்கும் எங்கயுமே கரண்ட் இல்ல சார்!"