புள்ளியும் செவலையும்

ஒரே கொட்டகையில் இரண்டு கறவைப் பசுக்கள். புள்ளி முழுக்கச் சீமை இனம். செவலை கலப்பு, அப்பன் சீமை, அம்மா காங்கேயம் நாட்டு மாடு.

“உன் முதுகுல அந்தக் குட்டித் திமில் இருக்கே, அதுவே சொல்லுது நீ பாதிதான்னு,” என்று புள்ளி தினமும் சீண்டும். கறக்கும்போது புள்ளியின் வாளி நிரம்பி வழியும். செவலையின் வாளி முக்கால்தான்.

சித்திரை வெயில் வந்தது. புள்ளி நாக்கைத் தொங்கவிட்டு இரைத்தது. தீவனத்தைத் தொடவில்லை, கறந்தால் வாளியின் அடிகூட நனையவில்லை. செவலை வெளியில் நின்று சோளத்தட்டை மென்றுகொண்டிருந்தது. அதன் வாளி அதே முக்கால்.

“எப்படிடி தாங்குற?”

“வெயில்ல நான் எங்கம்மா பொண்ணு. கறக்குறப்போ அப்பா பொண்ணு.”

புள்ளி அந்தக் குட்டித் திமிலையே பார்த்துக்கொண்டிருந்தது.

மழை விழுந்து புள்ளி தேறியதும், சினை ஊசி போட டாக்டர் வந்தார்.

“எப்பவும்போல சீமை ஊசிதானே?”

“வேண்டாங்க, காங்கேயம் போடுங்க,” என்றாள் மாட்டுக்காரி மயிலாத்தாள். “கன்னு நம்ம செவலை மாதிரி வரட்டும்.”

ஊசி என்றாலே நாலு பேரை உதைத்துத் தள்ளும் புள்ளி, அன்று கால்கூட மாற்றாமல் நின்றது.