பசை வைக்கிற இடத்தில் அருவி

அஃப்ரின் டாக்டர் ஏமாந்ததைக் கேட்டால் வயிறு வலிக்கச் சிரிப்பீர்கள். இப்பவே சிரித்துவிடாதீர்கள். முதலில் பிள்ளைகளுக்குப் பல் அச்சு எடுத்தாக வேண்டும்.

தென்காசியில் சாரல் பிடித்த காலை. அந்தப் பல் ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு விதமாக அச்சு. ஒன்று, குழைத்த பசையை வாயில் வைத்து அமுக்குவது. இன்னொன்று, பேனா மாதிரிக் கேமராவை வாய்க்குள் ஓட்டுவது. முடிந்ததும் பிள்ளை ஒரு படத்தைத் தொட வேண்டும்: அழுத மூஞ்சியா, சும்மா மூஞ்சியா, சிரித்த மூஞ்சியா?

அஃப்ரினின் மேல்படிப்பு ஆய்வே இதுதான். பிள்ளைகளுக்குக் கேமராதான் இதம் என்று நிரூபித்தால்தான் ஆய்வு தேறும். கேமரா அவள் கையில். நடைக்கோடியில், திரைக்குப் பின்னால், பசை வைப்பவர் சங்கரபாண்டி சார். அவர்தான் அவளுக்கு வழிகாட்டி. சிரித்து யாரும் பார்த்ததில்லை.

"ரெண்டு பேரும் பிள்ளையைக் கொஞ்சப்பிடாது. கொஞ்சினா கணக்கு கெட்டுரும். அழுதா அழட்டும்," என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

கல்லு மனுஷன் என்று நினைத்துக்கொண்டாள் அஃப்ரின்.

பசை முடிந்து வந்த முதல் பையனுக்குக் கண் சொக்கியிருந்தது. சிரித்த மூஞ்சியைத் தொட்டான்.

"குமட்டலையாடா?"

"அருவியில குளிச்சேன்," என்றான், தூக்கத்தில் பேசுகிறவன் போல.

அடுத்து வந்த சிறுமியும் பசைக்குச் சிரித்த மூஞ்சி, கேமராவுக்குச் சும்மா மூஞ்சி.

"கேமரா வலிச்சுதாம்மா?"

"இல்ல. ஆனா இங்கன குரங்கு வரல."

ஆய்வு தலைகீழாகப் போய்க்கொண்டிருந்தது. அஃப்ரின் எழுந்து நடைக்கோடிக்குப் போனாள். திரைக்குள் தண்ணீர் கொட்டியது. விசில் ஊதியது. "ஏலே, பாறையில ஏறாத. எண்ணெ தேச்சவங்க தள்ளி நில்லுங்க." ஒரு குரங்கு கீச்சிட்டது. ஒரு நிமிஷம் அஃப்ரினின் காலடியிலேயே ஜில்லென்று தண்ணீர் ஓடியது. குற்றாலத்துக் கூட்டத்தில் அவளும் சேலையோடு நனைந்து நின்றாள்.

பிறகு சுதாரித்தாள். உள்ளே இருப்பவன் வடகரைப் பையன். அவனுக்குத் துணையாக வந்த அக்கா இசக்கிச்செல்வி, காலையிலிருந்து ஆஸ்பத்திரியில் ஒருத்தர் குரல் பாக்கியில்லாமல் பேசிக் காட்டியவள்.

"ஏட்டி இசக்கி, போதும். வெளிய வா."

"நான் இங்கனதான நிக்கேன், டாக்டரக்கா." முதுகுக்குப் பின்னால், வாய் நிறைய முறுக்கோடு நின்றாள் இசக்கி. "உள்ள யாருன்னு தெரியல. விசில் நம்மளவிட நல்லா வருது."

அஃப்ரின் திரையை ஓரமாக விலக்கினாள்.

பையன் கண்ணை மூடிக் கிடந்தான். ஒரு கையால் பசைத் தட்டைத் தாங்கி, மறு கையை அவன் பிடியில் கொடுத்துவிட்டு, கன்னம் உப்ப ஐந்தருவியாகக் கொட்டிக்கொண்டிருந்தார் சங்கரபாண்டி சார்.